சாரல் காத்து சேர்த்த செம்மண் தேரி

ஆனி, ஆடியில குற்றாலத்துல சாரல் அடிச்சா நமக்குக் கொண்டாட்டம். அதே காத்து கிழக்கே போய் என்ன செய்யுது என்று நாம கேட்கிறதில்லை. நான் உடன்குடிப் பக்கம் பிறந்து தென்காசிக்கு வாக்கப்பட்டு வந்தவள். இங்கே சாரல் அடிக்கிற மாசத்துல அங்கே மண்காத்து அடிக்கும். சோத்துப் பானையை மூடித்தான் வைக்கணும். நம்ம கூட்டமைப்பு மலருக்கு வரலாறு எழுதச் சொன்னதும் எனக்குத் தேரிதான் ஞாபகம் வந்தது. வேற மாவட்டத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 1986-ல் தூத்துக்குடி பிரியும் வரைக்கும் எல்லாமே ஒரே திருநெல்வேலி மாவட்டம்தானே.

தேரி என்றால் சிவந்த மணல்மேடு. திருச்செந்தூர், காயாமொழி, நாசரேத், சாத்தான்குளம் வட்டாரத்தில் மைல் கணக்கில் கிடக்கும். குதிரைமொழித் தேரி அதில் பெருசு. கடற்கரை மணல் வெளுப்பாக இருக்கும், இது செங்கல் பொடி மாதிரி. மணலில் உள்ள இரும்பு துருவேறி, ஒவ்வொரு துகள் மேலேயும் தோல் போல ஒட்டியிருப்பதால் அந்த நிறம்.

தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கேரளப் பக்கமும் மலையிலும் கொட்டிவிடுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக மிஞ்சி வரும் ஈரம்தான் நம்ம சாரல். மலையைத் தாண்டினால் அது வறண்ட காத்து. தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் இதே கதைதான், வேகம் இன்னும் அதிகம். அந்தக் காத்து செம்மண் காடுகளைத் தூத்தி, மண்ணை அள்ளிக் கடல் பக்கம் கொண்டு சேர்த்தது. சுமார் 20,000 வருசத்துக்கு முன்னால் கடல் இப்போதைவிட 120 மீட்டர் அளவுக்குக் கீழே இருந்தது. அப்போது வெளியே தெரிந்த கடலடி மணலும் இதில் சேர்ந்திருக்கும் என்பது நிலவியல் அறிஞர்கள் கணக்கு.

இது ஆளில்லாத பாலைவனமாகக் கிடந்த இடமில்லை. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் 19-ஆம் நூற்றாண்டிலேயே தேரிகளைச் சுற்றிப் பார்த்து எழுதினார். நகத்தளவு கல்லாயுதங்கள் இங்கே நிறையக் கிடைத்தன. 1956-ல் ஸாய்னர், ஆல்சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். இரும்பு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே இந்த மேட்டில் உட்கார்ந்து வேட்டைக்கும் மீனுக்கும் கல்லைச் சீவியிருக்கிறார்கள்.

தேரியில் தண்ணீர் இருக்கிறது என்றால் இங்கே பலர் நம்ப மாட்டார்கள். மழை பெய்தால் ஒரு சொட்டு ஓடாது, அப்படியே உள்ளே இறங்கிவிடும். மெதுவாக நகர்ந்து அடிவாரத்தில் கிணறாகவும் சுனையாகவும் வெளியே வரும். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் என்று சாமிக்கே பெயர். பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கும்பிட அங்கே போய் வந்தவர்கள் நம்ம குழுக்களிலும் இருப்பார்கள்.

மணல் நகர்ந்தால் வயலையும் வீட்டையும் மூடும். அதைப் பிடித்து நிறுத்தியது உடைமரமும் பனையும். பனையின் வேர் நார்நாராகப் பரவி மண்ணைக் கவ்விக்கொள்ளும். அந்தப் பனையை வைத்துத்தான் சனங்க பிழைத்தார்கள். பனையேறி மரம் ஏறுவதைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள், அது உயிரைப் பணயம் வைக்கிற வேலைதான். ஆனால் பதநீர் கீழே இறங்கியபிறகு கருப்பட்டி ஆகும் வரைக்கும் உள்ள பாடு பொம்பளை பாடு. பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவணும், தேரி மணல் சுடச்சுட உடைமுள் பொறுக்கணும், விடிலிக்குள்ளே புகையில் நின்று மணிக்கணக்காகக் காய்ச்சணும், கூப்பனி ஆனதும் கை ஓயாமல் துழாவணும், பக்குவம் பார்த்துச் சிரட்டையில் ஊத்தணும். கொஞ்சம் தவறினால் காலையிலிருந்து செய்த வேலை கருகிப் போகும். எங்க ஆச்சிக்குப் பங்குனி முதல் ஆடி வரை கண் சிவந்தே இருக்கும். அதற்குக் கூலி என்று யாரும் கணக்குப் போட்டதில்லை. ‘பனையேறி வீடு’ என்றார்கள், ‘கருப்பட்டி காய்ச்சுகிறவள் வீடு’ என்று சொன்னதில்லை.

பெண் கையில் தனிக்காசு வந்த கதையும் உண்டு. இடையன்குடியில் கால்டுவெல் இருந்தது எல்லாருக்கும் தெரியும். அவர் மனைவி எலைசா அங்கே பெண்களுக்குப் படிப்பும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தார். அந்தத் தொழிலை நாகர்கோவிலில் தொடங்கியவர் எலைசாவின் தாயார் மார்த்தா மால்ட். மணப்பாட்டில் பெண்கள் இன்றைக்கும் பனையோலைப் பெட்டி முடைகிறார்கள்.

தேரி மணலில் கார்னெட், இல்மனைட் போன்ற தாதுக்கள் உண்டு. அதனால் அதன் மேல் எப்போதும் ஒரு கண். 2007-ல் சாத்தான்குளம் பக்கம் டைட்டானியம் ஆலைக்கு நிலம் எடுக்கப் பார்த்தார்கள், சனங்க எதிர்த்ததால் நின்றது. கடற்கரைத் தாதுமணல் அள்ள 2013-ல் அரசு தடை போட்டது. மணலை அள்ளி, தாதுவைப் பிரித்துவிட்டுத் திரும்பக் கொட்டினால் போதாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. மரமும் வேரும் போன மணல் மறுபடியும் பறக்கும். கிணத்துத் தண்ணி என்ன ஆகும் என்று அங்கே குடம் தூக்குகிறவளைத்தான் கேட்கணும்.

2021-லிருந்து கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது. 2023-ல் உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மரம் இருக்கிறது, ஏற ஆள்தான் குறைகிறது. சந்தையில் சீனிப்பாகு கலந்த கருப்பட்டி பாதி விலைக்குக் கிடைப்பதால் நல்லதைக் காய்ச்சுகிறவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. நம்ம குழுக்களில் அதிரசமும் சுக்குக்காப்பிப் பொடியும் செய்து விற்கிறவர்கள் இருக்கிறோம். அடுத்த பங்குனியில் சீசன் தொடங்கும்போது, கமிஷன் கடைக்குப் போகாமல் உடன்குடிப் பக்கம் விடிலி வைத்திருக்கிற பெண்களிடமே நேரில் மொத்தமாக வாங்கலாம் என்று எங்கள் குழுவில் பேசியிருக்கிறோம். வண்டி வாடகையைப் பங்கு போட இன்னும் இரண்டு குழு சேர்ந்தால் போதும்.