அம்மை வந்த வீட்டு வேப்பிலை

பெரியம்மைங்கிற நோய் இன்னைக்கு உலகத்துலயே இல்லைங்க. இந்தியாவுல கடைசியா 1975 மே மாசம் ஒருத்தருக்கு வந்துச்சு. 1980-ல் உலக சுகாதார நிறுவனம் ஒழிச்சாச்சுன்னு அறிவிச்சுது. ஆனா மாரியம்மன் எங்க ஊர்லயும் இருக்கா, உங்க தெரு முக்குலயும் இருக்கா. நோயே போன பிறகு அந்தச் சாமிக்கு இன்னும் என்ன வேலைன்னு சிலர் கேக்கறாங்க.

மாரின்னா மழை. எங்களை மாதிரி மானாவாரிக்காரனுக்கு முதல் பயம் மழை பொய்க்கிறது. கிணறு வத்தி, காடு காஞ்சு கிடக்கிற பங்குனி சித்திரையிலதான் அந்தக் காலத்துல அம்மையும் பரவும். ரெண்டு பயத்துக்கும் ஒரே ஆத்தா. உடம்புல கிளம்பின கொப்புளத்தைக்கூட ஆத்தா 'முத்துப் போட்டிருக்கா'ன்னுதான் சொன்னாங்க.

அம்மை கண்ட வீட்டு வாசல்ல வேப்பிலை சொருகியிருந்தா வெளியாள் உள்ளே போகமாட்டான். அந்த வீட்டுல தாளிப்பு கிடையாது, கறி கிடையாது. கூழும் இளநீரும்தான். படுக்கை வேப்பிலை மேலே. தலைக்குத் தண்ணி ஊத்தின பிறகுதான் மத்ததெல்லாம்.

எங்க கொங்குப் பக்கத்துல மாரியம்மன் நோம்பிக்குப் பூச்சாட்டினதும் கோயில் முன்னாடி மூணு கிளை இருக்கிற மரத்தைக் கம்பமா நடுவாங்க. பொம்பளைங்க தினமும் மஞ்சத்தண்ணியும் வேப்பிலையுமா கொண்டுவந்து அதுக்கு ஊத்துவாங்க. கம்பம் நட்டாச்சுன்னா வெளியூர் போய் ராத்தங்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு. நோய் காலத்துல ஆள் நடமாட்டத்தைக் குறைக்க வந்த வழக்கமா இருக்கலாம்னு எனக்குத் தோணும்.

அதுக்காக 'அன்னைக்கே எல்லாம் அறிவியல்'னு நான் சொல்ல வரலைங்க. பெரியம்மை வந்தவங்கள்ல பத்துக்கு மூணு பேர் செத்தாங்க. பொழைச்சவங்க மூஞ்சியெல்லாம் வடு, சிலருக்குக் கண்ணும் போச்சு. அதை ஒழிச்சது வேப்பிலை இல்லை, தடுப்பூசி. 1796-ல் இங்கிலாந்துல எட்வர்ட் ஜென்னர் கண்டுபிடிச்சது 1802-லயே இந்தியாவுக்கு வந்துடுச்சு. நம்ம சனம் அதுக்கும் 'அம்மை குத்துறது'ன்னுதான் பேர் வெச்சுது. உங்க வீட்டுப் பெரியவங்க கையைப் பாருங்க, அந்தத் தழும்பு இருக்கும்.

அப்போ அந்த வழக்கமெல்லாம் என்ன கொடுத்துச்சு? நோவுல கிடந்த மனுஷனுக்கு மரியாதையைக் கொடுத்துச்சு. அவன் உடம்புல ஆத்தா இறங்கியிருக்கான்னு நம்பினாங்க. அதனால விலகி நின்னவன்கூடக் கும்பிட்டுட்டு விலகி நின்னான். அருவருப்புல மூஞ்சியைத் திருப்பலை.

புது நோய் வந்தப்பவும் சனம் ஆத்தாகிட்டத்தான் போயிருக்கு. கோயம்புத்தூர்ல பிளேக் மாரியம்மன் கோயில் இன்னைக்கும் இருக்கு. பிளேக் அந்த ஊரைக் காலி பண்ணின காலத்தோட நினைவு அது. 2021-ல் அதே கோவையில இருகூர் பக்கம் கொரோனா தேவிக்கே சிலை வெச்சாங்க. நாடே சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரலை.

ஏன்னா, 2020-ல் நடந்ததைப் பாத்தவன் நான். டவுன்ல இருந்து பொழப்பு போய்த் திரும்பி வந்தவங்களைப் பல ஊர்ல முள்ளை வெட்டிப் போட்டு மறிச்சாங்க. நோய் வந்த வீட்டைத் தகரம் வெச்சு அடைச்சாங்க. செத்தவங்களைப் புதைக்கவே சில இடத்துல சண்டை. தள்ளி நிக்கச் சொன்னது சரிதான். ஆனா தள்ளி நிக்கறதுக்கும் தள்ளி வைக்கறதுக்கும் உள்ள வித்தியாசம் எழுதப்படிக்கத் தெரியாத எங்க கிழவிகளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

எங்க ஊர்ல வருஷம் தவறாம கம்பம் நடறோம். இப்போ அதுக்கு ஊத்தற தண்ணியெல்லாம் மழைக்குத்தான். நோம்பிக்கு வந்தீங்கன்னா நீங்களும் ஒரு குடம் ஊத்திட்டுப் போங்க. உங்க ஊருக்கும் அந்த மழைதானே வேணும்.