ரோமிங்கும் விருந்தும்

“ரோமிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்.” திருப்பதி ரயில் திருத்தணியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததும் பெட்டிக்குப் பெட்டி இந்தக் குரல் கேட்ட காலம் உண்டு. வந்த அழைப்பை எடுத்தாலும் காசு போகும் என்ற பயம். அன்றைக்கு ரோமிங் என்றால் செலவு, அவ்வளவுதான் பொருள்.

‘ரோம்’ என்று காதில் விழுந்ததும் ரோமாபுரி நினைவுக்கு வருவது இயல்பு. இத்தாலிய மொழியில் ‘ரோமேயோ’ என்றாலும் ஸ்பானிய மொழியில் ‘ரொமேரோ’ என்றாலும் ரோமுக்கு யாத்திரை போகிறவர். ஆங்கிலச் சொல்லும் அங்கிருந்து கிளைத்தது என்றொரு கதை நெடுநாளாக உலவுகிறது. அழகான கதைதான். ஆனால் பிற்காலச் சிலேடைகளைத் தவிர இரண்டையும் இணைக்க ஒரு சான்றும் இல்லை. 1300 வாக்கிலேயே ‘ரோமென்’ என்ற வடிவில் புழங்கிய சொல் அது. இலக்கில்லாமல் திரிவது என்று பொருள்.

தொலைபேசிக்கு இந்தச் சொல் ஒருகாலத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. அமெரிக்காவில் வணிகச் செல்பேசிச் சேவை 1983-இல் சிகாகோவில் தொடங்கியது. வேறு ஊருக்குக் காரோட்டிப் போன சந்தாதாரரை அங்கே ‘ரோமர்’ என்றார்கள். அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று அவருடைய சொந்த நிறுவனத்துக்கே தெரியாது. அவரைக் கூப்பிட வேண்டியவர் ஊகித்து, அந்த ஊருக்கென்று இருந்த ஓர் எண்ணை முதலில் சுழற்றி, தொனி வந்த பிறகு அவருடைய எண்ணை அழுத்த வேண்டும். பல ஊர்களில் அந்த முதல் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் 7626. போன் பொத்தான்களில் அந்த இலக்கங்களுக்கு மேலே உள்ள எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் ‘ரோம்’ என்று வரும். தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதால் அவர் உண்மையிலேயே திரிகிறவர்.

வடக்கு ஐரோப்பா வேறு வழியில் போயிற்று. 1981-இல் தொடங்கிய நார்டிக் மொபைல் டெலிபோன் வலையமைப்பு, பக்கத்து நாட்டுக்குள் போன போனைத் தானே கண்டுபிடித்தது. ஜிஎஸ்எம் என்ற பொதுச் செல்பேசித் தரம் வந்தபின், 1992-இல் டெலிகாம் பின்லாந்தும் பிரிட்டனின் வோடபோனும் முதல் சர்வதேச ரோமிங் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஜிஎஸ்எம் ஆவணங்களைத் திறந்து பாருங்கள். அங்கே இரண்டு பதிவேடுகள் இருக்கும். ஒன்று வீட்டுப் பதிவேடு. மற்றொன்று, வந்தவர்களுக்கான பதிவேடு. வெளிநாட்டு விமான நிலையத்தில் போனை உயிர்ப்பித்த சில நொடிகளில் நம் பெயர் இரண்டாவதில் ஏறிவிடுகிறது. வீட்டுக்கும் தகவல் போய்விடுகிறது. இவர் எங்கே திரிகிறார்? வாசலில் பெயர் சொல்லி உள்ளே வந்தவர் இவர். சொல் பழசாகவே நிற்க, பொருள் நேர் எதிராகிவிட்டது.

தமிழில் இதற்குப் பொருந்துவது அலைவதும் அல்ல, திரிவதும் அல்ல. ‘உலா’வை எடுக்கலாம் என்றால் அதை இணைய உலாவி எடுத்துக்கொண்டது. என் மனம் ‘விருந்து’ என்ற சொல்லில்தான் நிற்கிறது. இன்று அது சாப்பாடு. அதற்கு முன் வந்தவர். அதற்கும் முன், புதுமை. தொல்காப்பியம் செய்யுளின் எட்டு வனப்புகளில் ஒன்றாக விருந்தைச் சொல்லும்போது, புதிதாகப் புனையும் யாப்பையே குறிக்கிறது. புதுமை புதியவராகி, புதியவர் அவருக்கு இடும் உணவாகிய வரிசை அது. முகம் தெரியாதவரை ஏற்று, அவருக்கு உரியதை இடுவது: ரோமிங்கின் இன்றைய வேலை முழுக்க இதில் இருக்கிறது.

‘உரியதை இடுவது’ என்பதில்தான் 5ஜி புதுச் சிக்கலைக் கொண்டுவந்தது. ஒரே வலையமைப்பை வேகத் தரவுக்கு, தாமதம் கூடாத வேலைக்கு, லட்சக்கணக்கான சிறு கருவிகளுக்கு என்று பிரித்துத் தருவதை ‘ஸ்லைஸ்’ என்கிறார்கள். பழைய பிரெஞ்சில் ‘எஸ்கிளிஸ்’ என்றால் மரச் சிராய். அதன் வழி வந்த சொல். ஆனால் இங்கே எதுவும் வெட்டுப்படுவதில்லை. சந்தையில் ஒரே சாக்கின் மேல் தக்காளியைக் கூறு கட்டி வைப்பது போலத்தான். கோபுரம் ஒன்று, அலைவரிசை ஒன்று, கணினிகளும் அவைதாம். ‘கூறு’ என்பதே சரியான தமிழ். கூறு என்றால் சொல் என்றும் பொருள் உண்டல்லவா? பெயர் சொல்லிக் கேட்டால்தான் இந்தக் கூறு கிடைக்கும்.

அந்தப் பெயர் ஓர் எண். 0 முதல் 127 வரை உலகப் பொதுவுக்கு ஒதுக்கியவை. வேகத் தரவுக்கு 1, தாமதம் கூடாததற்கு 2, சிறு கருவிகளுக்கு 3. எங்கே போனாலும் பொருள் மாறாது. 128 முதல் 255 வரை அந்தந்த நிறுவனம் தானே வைத்துக்கொள்வது. ஒரு நிறுவனம் ஆம்புலன்ஸ் போன்களுக்கு 130 என்று வைத்திருக்கிறது என்போம். எல்லை தாண்டினால் அங்குள்ள நிறுவனத்தில் 130 சரக்கு லாரிகளுக்கு உரியதாக இருக்கலாம். போன் தன் வீட்டுப் பெயரை அப்படியே சொன்னால் ஆம்புலன்ஸ் லாரிகளின் வரிசையில் போய் நிற்கும். ஆகவே இரு நிறுவனங்களும் முன்கூட்டியே உட்கார்ந்து, உங்கள் 130 எங்களிடம் 141 என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எண் மட்டும் பொருந்தினால் போதாது, தரமும் பொருந்த வேண்டும். கூறின் வேகம், தாமதம் போன்ற இயல்புகளை ஒரே வடிவில் எழுதிக்கொள்ள, செல்பேசி நிறுவனங்களின் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏ பொதுப் படிவம் ஒன்றை வகுத்திருக்கிறது.

விருந்தினர் வந்து சேர்ந்ததும் புதிய வலையமைப்பு அவருடைய போனுக்கு இரண்டு பெயர்களையும் சேர்த்தே தருகிறது: இங்கே 141, உன் வீட்டில் 130. தரவு வீடு வரை திரும்பிப் போகும் ஏற்பாடென்றால், பாதையின் இந்தப் பாதி 141 என்றும் அந்தப் பாதி 130 என்றும் ஒரே இணைப்பை அழைத்துக்கொண்டிருக்கும்.