கோணிப்பை மாமா: ஹைதியில் ஆள் கடத்தலின் கதை

அடம்பிடிக்கும் குழந்தைகளை "பிள்ளை பிடிக்கிறவன் சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போயிடுவான்" என்று பயமுறுத்துவோம் இல்லையா? கரீபியன் கடலில் இருக்கும் ஹைதி நாட்டிலும் இதே கதை உண்டு. அங்கே அவன் பெயர் 'டொண்டொன் மக்கூட்'. டொண்டொன் என்றால் மாமா, மக்கூட் என்றால் தோளில் மாட்டும் கோணிப்பை. சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளைகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவானாம். மற்ற நாடுகளில் இது வெறும் கதை. ஹைதியில் இந்தப் பெயரில் ஒரு படையே இருந்தது, அதை நடத்தியது அரசாங்கம்!

கேரளாவை விடச் சிறிய நாடு அது. 1804-ல் அடிமைகள் கிளர்ச்சி செய்து, நெப்போலியனின் படையையே தோற்கடித்து சுதந்திரம் வாங்கினார்கள். உலக வரலாற்றில் அப்படி இன்னொரு நாடு கிடையாது. ஆனால் 1825-ல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, "எங்கள் தோட்டங்களையும் அடிமைகளையும் இழந்ததற்கு 15 கோடி பிராங்க் கொடுங்கள், இல்லையென்றால் சுடுவோம்" என்று மிரட்டியது. இந்தத் தொகை பிறகு 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதைக் கட்ட பிரெஞ்சு வங்கிகளிலேயே கடன் வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கடனின் கடைசித் தவணை தீர 1947 ஆனது. ஒரு நாட்டையே பிணையாக வைத்துப் பணம் பறிப்பது என்றால் இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, கோணிப்பை மாமாவுக்கு வருவோம். 1957-ல் பதவிக்கு வந்த பிரான்சுவா டுவாலியே ஒரு டாக்டர், மக்கள் 'பாப்பா டாக்' என்று அழைத்தார்கள். ராணுவம் தன்னைக் கவிழ்த்துவிடும் என்ற பயத்தில் தனக்கென்று ஒரு குண்டர் படையை உருவாக்கினார். அதன் அதிகாரபூர்வப் பெயர் தேசியப் பாதுகாப்புத் தொண்டர்கள். மக்கள் வைத்த பெயர்தான் டொண்டொன் மக்கூட். இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் படையில் பெரும்பாலானவர்களுக்குச் சம்பளமே கிடையாது. பிறகு எப்படிப் பிழைத்தார்கள்? மிரட்டிப் பணம் பறித்துத்தான். கடைக்காரரிடம் வசூல், விவசாயியின் நிலத்தைப் பிடுங்குவது, தர மறுத்தவனை இரவில் தூக்கிக்கொண்டு போவது. அதாவது கஜானாவுக்குச் செலவில்லாமல் ஒரு படை! பணம் பறிக்கும் உரிமைதான் அவர்களுக்குக் கொடுத்த கூலி.

மகன் 'பேபி டாக்' 1986 பிப்ரவரி 7 அன்று நாட்டை விட்டு ஓடினார். அவர் சுருட்டியது 30 கோடி முதல் 80 கோடி டாலர் வரை இருக்கும் என்று டிரான்ஸ்பரன்சி இண்டர்நேஷனல் 2004-ல் கணக்கிட்டது. ஆனால் ஆட்சி போனாலும் முறை போகவில்லை. பின்னாளில் வந்த அரிஸ்டிட் 1995-ல் ராணுவத்தைக் கலைத்தார். நல்ல முடிவுதான் என்று தோன்றும். ஆனால் அதன்பின் அரசியல்வாதிகளுக்கு ஆள்பலம் தேவைப்பட்டபோது, தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் குடிசைப் பகுதி இளைஞர்கள் கையில் துப்பாக்கி போனது. 2004-ல் அரிஸ்டிட் விரட்டப்பட்டதும் காசு கொடுக்கும் ஆள் போய்விட்டார், துப்பாக்கி மட்டும் மிஞ்சியது. அதற்கு அடுத்த ஆண்டுகளில்தான் பணத்துக்காக ஆள் கடத்துவது ஒரு தொழிலாகவே வளர்ந்தது.

கடத்துபவர்கள் எல்லாம் குடிசைவாசிகள் என்று நினைத்துவிடாதீர்கள். 2012-ல் ஒரு வங்கி அதிபரின் பிள்ளைகள் இருவர் கடத்தப்பட்டார்கள். பிடிபட்டவர் யார் தெரியுமா? நாட்டின் பெரும் பணக்காரக் குடும்பம் ஒன்றின் வாரிசு. 2014 ஆகஸ்டில் அவர் இருந்த சிறை தாக்கப்பட்டு 300-க்கும் மேற்பட்ட கைதிகள் தப்பினார்கள், அவரும்தான். இரண்டே நாளில் டொமினிக்கன் எல்லை அருகே மீண்டும் பிடிபட்டார். 2016-ல் 18 ஆண்டு தண்டனை.

இந்த நேரத்தில் மேலிடத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தால் தலை சுற்றும். வெனிசுலா 'பெட்ரோகரிபே' என்ற திட்டத்தில் எண்ணெயைக் கடனுக்குக் கொடுத்தது. விலையில் ஒரு பகுதியை உடனே கட்டினால் போதும், மீதியை 25 வருடத்தில் 1 சதவீத வட்டியில் கட்டலாம். ஹைதி அரசு அந்த எண்ணெயை உள்ளூரில் முழு விலைக்கு விற்றுவிட்டு, கையில் நிற்கும் பணத்தில் ரோடு, பள்ளி, மருத்துவமனை கட்டலாம் என்பது ஏற்பாடு. கிட்டத்தட்ட 200 கோடி டாலர் இப்படி வந்தது. ரோடு மட்டும் வரவில்லை.

2018 ஜூலை 6. உலகக் கோப்பையில் பிரேசிலும் பெல்ஜியமும் மோதின. ஹைதி மக்களுக்கு பிரேசில் அணி மேல் பைத்தியம். எல்லோரும் டிவி முன் இருக்கும் நேரம் பார்த்து அரசு எரிபொருள் விலையை ஏற்றியது. பிரேசில் தோற்றது, மக்கள் தெருவில் இறங்கினார்கள்! ஆகஸ்டில் "பெட்ரோகரிபே பணம் எங்கே?" என்ற ஒரே கேள்வி அட்டைகளிலும் சுவர்களிலும் நிறைந்தது. 2019 மே மாதம் தணிக்கை நீதிமன்றம் அறிக்கை கொடுத்தது. ஒரே சாலைக்கு இரண்டு கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் கொடுக்கப்பட்டிருந்தது, இரண்டுக்கும் ஒரே வரி எண், ஒரே ஊழியர்கள். அதில் ஒன்று அக்ரிட்ரான்ஸ், அதாவது அதிபர் ஜோவனெல் மொய்ஸ் பதவிக்கு வருமுன் நடத்திய வாழைத்தோட்டக் கம்பெனி. வாழைப்பழக் கம்பெனிக்கு ரோடு போடுவதில் என்ன வேலை என்று கேட்கக்கூடாது போலிருக்கிறது. மொய்ஸ் தவறு எதுவும் செய்யவில்லை என்று மறுத்தார். 2021 ஜூலை 7 அன்று தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஊழலுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள தொடர்பு வெறும் சந்தேகம் அல்ல என்பதற்கு ஒரு சம்பவம். 2018 நவம்பரில், போராட்டங்கள் கொதித்துக்கொண்டிருந்தபோது, அரசுக்கு எதிரான லா சலீன் பகுதியில் குறைந்தது 71 பேர் கொல்லப்பட்டார்கள். இதற்காக 2020 டிசம்பரில் அமெரிக்கா தடை விதித்த மூவரில் ஒருவர் ஜிம்மி ஷெரிசியே, 'பார்பிக்யூ' என்ற பட்டப்பெயர் கொண்ட முன்னாள் போலீஸ்காரர். மற்ற இருவரும் மொய்ஸ் அரசின் அதிகாரிகள்.

அப்புறம் கடத்தல் கட்டுக்கடங்காமல் போனது. 2021 ஏப்ரலில் பாதிரியார்களும் கன்னியாஸ்திரிகளும் கடத்தப்பட்டார்கள், சில நாளில் பிரதமர் ராஜினாமா செய்தார். அக்டோபரில் '400 மாவோசோ' என்ற கும்பல் 17 வெளிநாட்டு மிஷனரிகளைப் பிடித்துத் தலைக்குப் பத்து லட்சம் டாலர் கேட்டது, அதில் 8 மாதக் கைக்குழந்தைக்கும் அதே ரேட். உலகப் பத்திரிகைகள் இதை எழுதின. ஆனால் காய்கறி விற்கும் பெண்ணும் பள்ளி ஆசிரியரும் கடத்தப்பட்டால் எழுத யாரும் இல்லை. அந்தக் குடும்பங்கள் நிலத்தை விற்று, மயாமியில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் கெஞ்சி, போனில் பேரம் பேசிப் பணம் கட்டுகின்றன. கட்டிய பிறகும் ஆள் வராமல் போவதுண்டு.

மாவோசோ கும்பலின் தலைவன் அப்போது எங்கே இருந்தான்? சிறையில்! உள்ளிருந்தே செல்போனில் கும்பலை நடத்தினான். பணயப் பணத்தில் ஃப்ளோரிடா கடைகளில் துப்பாக்கி வாங்கி, பழைய துணி அடைத்த பீப்பாய்களுக்குள் மறைத்து ஹைதிக்கு அனுப்பினார்கள். 2022-ல் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டு, 2024-ல் 35 ஆண்டு தண்டனை பெற்றான். தன் நாட்டுச் சிறையில் போன் பேசியவனுக்கு வேறு நாட்டு நீதிமன்றம்தான் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது.

2022-ல் 1,359 பேரும் 2023-ல் 2,490 பேரும் கடத்தப்பட்டதாக ஐ.நா. பதிவு செய்தது. 2024 ஏப்ரலில் நாட்டைத் தூக்கி நிறுத்த 9 பேர் கொண்ட இடைக்காலக் குழு பதவியேற்றது. ஆறே மாதத்தில் அவர்களில் மூன்று பேர் மேல் புகார்: அரசு வங்கித் தலைவர் பதவியில் நீடிக்க வேண்டுமானால் 10 கோடி கூர்து வெட்ட வேண்டும் என்று கேட்டார்களாம். ஊழல் தடுப்புப் பிரிவு வழக்குத் தொடரச் சொன்னது. மூவரும் மறுத்தார்கள், பதவியிலும் தொடர்ந்தார்கள். அந்த ஆண்டு கடத்தப்பட்டவர்கள் 1,494 பேர்.