வேகம் பிரித்த சாலை: கோவையில் சைக்கிளும் மோட்டாரும், 1920 முதல் இன்று வரை

காந்திபுரத்தில் நஞ்சப்பா ரோடும் சத்தி ரோடும் நூறடி ரோடும் கிராஸ்கட் ரோடும் நெருங்கி வரும் இடத்தில் போக்குவரத்து இன்று மூன்று அடுக்காக ஓடுகிறது. 2017-இல் முதல் மேம்பாலமும் 2019-இல் அதற்கும் மேலே இரண்டாம் அடுக்கும் திறக்கப்பட்டன. அந்த ஏற்றத்திலும் வேகத்திலும் சைக்கிள் மிதித்துப் போவது எளிதல்ல. சைக்கிள்காரருக்கு மிஞ்சியது தரைதான். அந்தத் தரையில் அவருடைய இடம் நூறு ஆண்டுகளில் எப்படிச் சுருங்கியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்பெல்லாம் சைக்கிளும் மோட்டாரும் சேர்ந்து போயின, மனிதர்களிடம் பொறுமை இருந்தது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. சேர்ந்து போனது உண்மை. பொறுமைதான் காரணம் என்பதை ஏற்க என்னால் முடியவில்லை. அந்த நாள் சாலையில் எல்லா வண்டிகளின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது. வேகங்கள் விலக விலக, ஆபத்தும் வளர்ந்தது.

கோவையில் மோட்டாரின் வரலாறு மில்லின் வரலாற்றோடு பின்னியது. 1888-இல் ஸ்டேன்ஸ் மில், 1910-இல் லட்சுமி மில், 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்ததும் வரிசையாக எழுந்த பஞ்சாலைகள் என்று ஊர் வளர்ந்தது. 1920-இல் ஜி.டி. நாயுடு ஒரே ஒரு பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த யு.எம்.எஸ். நிறுவனம் கொங்கு நாட்டுக்கு மோட்டாரைப் பழக்கியது. மில் தொழிலாளி நம்பியதோ சைக்கிளை. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. லூதியானாவில் ஹீரோ 1956-இல் உற்பத்தியில் இறங்கியது. உள்நாட்டில் செய்த சைக்கிள் பெருகப் பெருக, வாடகை சைக்கிள் கடையை நம்பியிருந்தவர்களும் சொந்தமாக வாங்கினார்கள். சங்கு ஊதி ஷிப்ட் மாறும் நேரத்தில் பீளமேடு, பாப்பநாயக்கன்பாளையம், சிங்காநல்லூர்ச் சாலைகள் சைக்கிள்களால் நிறையும்.

அந்தச் சாலையில் சைக்கிள்காரருக்குக் காவலாக இருந்தது மாட்டுவண்டி. மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர் போகும் வண்டி முன்னால் போனால், பேருந்தும் லாரியும் வழி கிடைக்கும் வரை பின்னால் ஊர்ந்தாக வேண்டும். 12, 15 கிலோமீட்டரில் மிதிப்பவர் அங்கே வேகக்காரர்களில் ஒருவர். அவரை முந்த வேண்டிய அவசரம் யாருக்கும் அதிகமில்லை. மாட்டுவண்டி நகரச் சாலையை விட்டு விலகியதை முன்னேற்றமாக எழுதுகிறோம். அதனால் சாலையில் மிக மெதுவானவர் என்ற இடம் சைக்கிள்காரர் தலையில் வந்து விழுந்ததை எழுதுவதில்லை.

சட்டம் அவரை நடத்திய விதமும் மாறியது. 1914, 1939, 1988 ஆகிய ஆண்டுகளின் மோட்டார் வாகனச் சட்டங்கள் மூன்றும், பெயருக்கேற்ப, எந்திரத்தால் ஓடும் வண்டியையே முதன்மையாகக் கருதின. சைக்கிள் உள்ளாட்சிக்கும் போலீசுக்கும் விடப்பட்டது. தமிழ்நாட்டு நகரங்களில் ஆண்டுதோறும் காசு கட்டி லைசென்ஸ் வில்லை வாங்கிச் சைக்கிளில் மாட்ட வேண்டிய காலம் இருந்தது. இரவில் விளக்கோ டைனமோவோ இல்லாமல் போனால் பிடிப்பார்கள். டபுள்ஸ் போனால் இறக்கிவிட்டுக் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். ஏழையைத் துன்புறுத்திய முறை அது, போனதில் வருத்தமில்லை. ஆனால் அந்த வில்லையால் ஒரு பயனும் இருந்தது: ஊரில் எத்தனை சைக்கிள் என்று நகராட்சி ஏட்டில் எண்ணிக்கை இருந்தது. வில்லையோடு அந்த ஏடும் போயிற்று. மோட்டார் ஒவ்வொன்றும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவாகிறது. சைக்கிளுக்குப் பதிவு இல்லை. சாலை விரிவாக்கத்துக்கு நியாயம் சொல்லும்போது பதிவான வண்டிகளின் பெருக்கம் கண்ணில் படுகிறது. பதிவாகாதவர் திட்ட வரைபடத்திலும் இடம்பெறுவதில்லை.

விதி இல்லாமலும் இல்லை. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு 1962-லேயே சைக்கிள் தடங்களுக்கான நெறிமுறையை வெளியிட்டது. மணிக்கு 100 முதல் 200 மோட்டார் வண்டி போகும் சாலையில், நெரிசல் நேரத்தில் 400 சைக்கிள் போனால் தனித்தடம் அமைக்கலாம். மோட்டார் 200-ஐத் தாண்டிவிட்டால் 100 சைக்கிள் போனாலே போதும். மில் ஷிப்ட் விடும் நேரத்து அவிநாசி ரோடு முதல் கணக்கை எளிதாக எட்டியிருக்கும். இன்றைய காந்திபுரத்தில் 200 மோட்டார் வண்டி கடக்க ஒரு மணி நேரம் வேண்டாம், சில நிமிடங்கள் போதும். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நெறிமுறை இருக்கிறது. காந்திபுரத்தில் தடம் இல்லை. மோட்டாரின் நெரிசலைக் கண்ட போதெல்லாம் பாலம் கட்டிய கைகள், சைக்கிளின் நெரிசலைக் கண்டபோது ஒரு தடம் கூடப் போடவில்லை. இதை மறதி என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

1974-இல் காந்திபுரம் மத்திய பேருந்து நிலையம் வந்தது. 1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. 1980-களின் நடுவில் 100 சிசி ஜப்பானியக் கூட்டு மோட்டார் சைக்கிள்கள் தொடர்ந்தன. 1980-களைத்தான் திருப்புமுனை என்று கருதுகிறேன். லாரிக்கும் காருக்கும் சைக்கிள் இடம் விட்டதைவிட, சைக்கிள்காரரே மொபெட்டுக்கு மாறியது பெரிய மாற்றம். நேற்று வரை பக்கத்தில் மிதித்து வந்தவர் இன்று மூன்று மடங்கு வேகத்தில் கடந்து போனார். சைக்கிள் அத்தோடு ஒழிந்துவிடவில்லை. 2001 கணக்கெடுப்பில் இந்தியக் குடும்பங்களில் 43.7 விழுக்காட்டிடம் சைக்கிள் இருந்தது, 2011-இல் 44.8. அதே காலத்தில் இருசக்கர மோட்டார் வண்டி வைத்திருந்தவர்கள் 11.7-இலிருந்து 21 விழுக்காடாக உயர்ந்தார்கள். தமிழ்நாடு அரசு 2001-02-இல் பட்டியலின, பழங்குடி மாணவியருக்குத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டத்தை 2005-06-இல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர் அனைவருக்கும் விரித்தது. அரசு ஒரு கையால் சைக்கிளைக் கொடுத்து, மறு கையால் அது போகும் இடத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது.

இன்று காந்திபுரத்தின் தரைச் சாலையில் சைக்கிள் மிதிப்பவர்களைப் பாருங்கள். செக்யூரிட்டி வேலைக்குப் போகிறவர், கேனில் டீ விற்பவர், பள்ளிச் சீருடையில் பிள்ளைகள். இடது ஓரம் இவர்களுக்கு என்கிறோம். அந்த ஓரத்தில்தான் நிறுத்திய கார், ஆட்டோ, வடிகால் மூடி, தள்ளுவண்டி, முந்திப்போய் சடாரென்று நிறுத்தத்துக்குள் திரும்பும் டவுன் பஸ் எல்லாம். இடம் இல்லாமல் நடுவே நகர்ந்தால், குறுக்கே வந்தான் என்ற பழி.

2022, 2023 வாக்கில் கோவை மாநகரக் காவல்துறை பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யூ-டர்ன் முறையைக் கொண்டுவந்தது. காத்திருப்பு குறைந்தது என்று வண்டியோட்டிகள் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சிக்குக் காரணம் உண்டு. ஆனால் சைக்கிளில் இருப்பவருக்கு சிக்னலின் சிவப்பு விளக்கு மட்டுமே சாலையைக் கடக்கக் கிடைத்த பாதுகாப்பான நேரம். யூ-டர்ன் எடுக்க அவர் இடது ஓரத்திலிருந்து ஓடும் வண்டிகளை வெட்டி நடுத் தடுப்பு வரை போக வேண்டும். திரும்பிய பின், வேகமாக வரும் வலப்பக்கத்திலிருந்து மீண்டும் இடது ஓரத்துக்கு வெட்டி வர வேண்டும். மோட்டாருக்கு ஆக்சிலேட்டரைத் திருகினால் முடிந்துபோகும் தூரம், இவருக்கு உயிரைக் கையில் பிடித்துக் கடக்கும் தூரம்.

இங்கே வேகத்தின் கணக்கைச் சொல்லியாக வேண்டும். 30 கிலோமீட்டரில் வரும் வண்டி 60-க்குப் போனால் வேகம் இருமடங்கு, மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. 2018-இல் ஒன்றிய அரசு அறிவித்த உச்சவரம்பு நகராட்சி எல்லைக்குள் காருக்கு 70, மோட்டார் சைக்கிளுக்கு 60 என இருந்தது. மாநில அரசு இதைக் குறைத்துக்கொள்ளலாம். 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் சைக்கிள்காரர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு மூவர். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். சிறு பங்கு என்று இதை ஒதுக்குவது கொடுமை.

இந்த வரலாற்றில் கோவைக்குப் பெருமை தரும் பக்கம் ஒன்று உண்டு. கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் சாலைப் பாதுகாப்புக்காகப் பொதுநல வழக்குத் தொடுத்தார். விபத்தில் நொறுங்கி வந்தவர்களுக்கு அறுவை செய்யும் துறையிலிருந்து எழுந்த வழக்கு அது. 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைந்தது. 2017-இல் விரிவான உத்தரவுகள் வந்தன. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 138(1ஏ) என்ற பிரிவு சேர்ந்தது: எந்திரமில்லா வண்டிகளையும் நடந்து போவோரையும் ஒழுங்குபடுத்த மாநிலங்கள் விதி வகுக்கலாம். 2025 அக்டோபரில் அதே வழக்கில், ஆறு மாதத்துக்குள் இந்த விதிகளை வகுக்கும்படி உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

பிரிவின் சொல்லமைப்பு எனக்குக் கவலை தருகிறது. ஒழுங்குபடுத்துவது என்ற பெயரில், இந்தச் சாலைக்கு வராதே, அந்தப் பாலத்தில் ஏறாதே என்ற தடைகளாகவே விதி முடிந்துவிடலாம். பழைய வில்லைக் காலம் புது உருவில் திரும்பிவிடலாம். பிரான்சில் சைக்கிளை முந்தும் மோட்டார் ஊருக்குள் 1 மீட்டரும் வெளியே 1.5 மீட்டரும் இடைவெளி விட வேண்டும். கடமை அங்கே வேகமாகப் போகிறவர் மேல். நமது விதியும் அந்தப் பக்கம் சாய வேண்டும்.

ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் உக்கடம் பெரியகுளக்கரையில் சைக்கிள் ஓட்ட இடம் கிடைத்தது நல்லதே. ஆனால் அது உலாவுக்கு. கணபதியிலிருந்து காந்திபுரத்துக்கு வேலைக்கு வருகிறவருக்கு அது வழியாகாது. 2018-இல் ஓஃபோ என்ற சீன நிறுவனம் இங்கே கொண்டுவந்த வாடகை சைக்கிள்களும் சில மாதங்களில் மறைந்தன. மிதிக்க இடமில்லாத ஊரில் சைக்கிளை மட்டும் கொண்டுவந்து நிறுத்துவதால் பயனில்லை.

2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டின் மேல் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் ஜி.டி. நாயுடு பெயரில் திறக்கப்பட்டது. கடந்து போகும் வண்டிகளை மேலே அனுப்பிவிட்டால் கீழே நெரிசல் குறையும் என்பதே இத்தகைய பாலங்களுக்குச் சொன்ன நியாயம். அந்த வாக்கை இப்போது தரையில் காப்பாற்ற வேண்டும். மாநில நெடுஞ்சாலைத் துறையும் மாநகராட்சியும் காந்திபுரம், அவிநாசி ரோட்டு மேம்பாலங்களின் கீழுள்ள சாலைகளில் வேகவரம்பை 30 ஆக்கட்டும். இடது ஓரத்தில் வண்டி நிறுத்துவதைத் தடுத்து, 1962 நெறிமுறை சொன்ன 2 மீட்டர் தடத்தைச் சைக்கிளுக்கு ஒதுக்கட்டும். யூ-டர்ன் உள்ள இடங்களில் கடப்பதற்கு சிக்னல் திரும்பி வரட்டும். தமிழ்நாடு அரசு வகுக்கும் விதியில் இவை எழுத்தாக இடம்பெற வேண்டும். அதுவரை, கார் ஓட்டும் வாசகர்கள் முன்னால் மிதித்துப் போகிறவரைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, ஒரு கை நீட்டினாலும் எட்டாத தூரம் விட்டுக் கடந்து போங்கள்.