சின்னப்பர் (பெயர்)

சின்னப்பர் என்பது பவுலுஸ் என்ற லத்தீன் பெயருக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிவந்த வடிவம். பிள்ளைகளுக்குச் சூட்டும்போது சின்னப்பன், சின்னப்பா என்று வரும். லத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவர்.

ரோமில் இது எமிலியர் குலத்தின் ஒரு கிளைக்குரிய பட்டப்பெயராக இருந்தது. கி.மு. 216இல் கன்னே போரில் ஹன்னிபாலின் படையிடம் மடிந்த லூசியுஸ் எமிலியுஸ் பவுலுஸ் அக்கிளையினர். ஆனால் பெயர் உலகெங்கும் பரவியது பின்னாளில் திருத்தூதரான தர்சு நகரத்துச் சவுலால். விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலின் 13ஆம் அதிகாரத்தில், சைப்பிரஸ் தீவில் செர்கியு பவுல் என்ற ஆளுநரைச் சந்திக்கும் கட்டத்திலிருந்து அவர் பவுல் என்று குறிக்கப்படுகிறார். திருத்தூதர்களில் தாம் கடையவர் என்று அவரே எழுதியிருப்பதோடு பெயரின் பொருளைச் சேர்த்துப் பார்த்தவர் அகுஸ்தீனார்.

1606இல் இயேசு சபைத் துறவி தத்துவபோதகர் மதுரைக்கு வந்தபின் வேரூன்றிய மதுரை மிஷனில், பெயர்களைப் பொருளறிந்து தமிழாக்கும் வழக்கம் வலுத்தது. யோவான் அருளப்பர் ஆனார். அம்மிஷனுக்குப் பின்னர் வந்த குரு கான்ஸ்டன்சோ பெஸ்கி தைரியநாதர் ஆனார். இவற்றுள் மிக இயல்பாகத் தமிழோடு ஒட்டிக்கொண்டது சின்னப்பர்தான். நாவுக்கரசரை அப்பர் என்றழைத்த நாட்டில், இளையவனுக்குச் சின்னப்பன் என்பது ஏற்கெனவே வீட்டுப்பெயர். நடிகர் பி. யு. சின்னப்பாவும் படத்தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவரும் இந்துக்கள். சென்னை-மயிலாப்பூர் முன்னாள் பேராயர் ஏ. எம். சின்னப்பா கத்தோலிக்கர். தேவதானப்பட்டிக் கடைத்தெருவில் 'சின்னப்பா' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவர் எந்தச் சமயத்தவர் என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. ஒரு மொழிபெயர்ப்புக்கு இதைவிடப் பெரிய வெற்றி இல்லை.

கத்தோலிக்க வேளாண் குடிகளிடையே திருத்தூதரைக் காட்டிலும் நெருக்கமானவர் அதே பெயருடைய வனத்துச் சின்னப்பர். எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த இத்துறவியின் வரலாற்றை 4ஆம் நூற்றாண்டில் எரோணிமுஸ் எழுதினார். ஈச்ச ஓலையே அவருக்கு உடை. காகம் ஒன்று நாள்தோறும் அரை அப்பம் கொண்டுவரும்; வனத்து அந்தோணியார் பார்க்க வந்த அன்று மட்டும் முழு அப்பம் கொண்டுவந்தது. அவருடைய பழைய திருநாள் ஜனவரி 15, பொங்கலையொட்டி அமைந்தது.

புராட்டஸ்டண்ட் மரபு பவுல் என்ற ஒலியையே வைத்துக்கொண்டது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியம் கத்தோலிக்கருக்கும் அதையே பொதுவாக்கியது. ஒற்றுமைக்காகச் செய்ததுதான், ஆனாலும் நல்ல தமிழ்ப்பெயர் ஒன்று வாசகத்திலிருந்து விலகிப்போனது இழப்பே. இன்றைய பிள்ளைகள் பால், பவுல்ராஜ் என்று வளர்கிறார்கள்.

பழைய பங்குகளின் திருமுழுக்குப் பதிவேடுகள் லத்தீனில் எழுதப்பட்டவை. முன்னோரைத் தேடுவோர், பத்திரத்தில் சின்னப்பன் என்றிருப்பவரை அங்கே பவுலுஸ் என்ற பெயரிலும் தேடிப் பார்க்க வேண்டும்.