துண்டு முறையும் பதிவேட்டுச் சிக்கலும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் அடங்கிய சபரகமுவ மாகாணத்திலே தேயிலையும் இறப்பரும் வளர்த்த தமிழ்த் தொழிலாளரின் வரலாற்றில், துண்டு என்னும் சிறு சீட்டுக்குப் பெரியதோர் இடமுண்டு. தொழிலாளி ஒருவர் தம் வாழ்நாளிற் பல தோட்டங்களிற் பேர் பதிதல் கூடும். தோட்டம் ஒன்றிலோ பலர் பேர் பதிந்திருப்பர். பலரும் பலவற்றோடு இணையும் இவ்வுறவின் நடுவே நின்றதே துண்டாகும். தொழிலாளரின் கடன்தொகை அதிற் குறிக்கப்படும். புதிய தோட்டத்தார் அதனைச் செலுத்தினாலன்றிப் பழைய தோட்டத்தார் அவரை விடார்.

இம்முறையின் பிழை யாது? கங்காணியின் கூட்டம் முழுவதற்கும் ஒரே துண்டு வழங்கப்படுவதுண்டு. எவர் பட்ட கடன் எவ்வளவு என்பது அதனாற் புலப்படாது. தோட்டத்தார் போட்டியிட்டுக் கங்காணிமாருக்கு முன்பணம் கொடுத்தமையால், மாற்றந்தோறும் தொகையும் வளர்ந்தது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

1970இல் எட்கர் கொட் தரவுகளை அட்டவணை உறவுகளாக வகுக்கும் நெறியை வெளியிட்டார். நிரற்பொருள்களை அட்டவணைகளோடு பொருத்தும் இன்றைய கணினி நிரலரும் இவ்விடர்ப்பாட்டையே எதிர்கொள்கின்றனர். நாளும் தொகையும் ஆளுக்கோ தோட்டத்துக்கோ உரியனவல்ல; இரண்டையும் இணைக்கும் தொடர்புக்கே உரியன. ஆதலின் நடுவே மூன்றாம் அட்டவணை அமைத்து, ஓர் ஆளுக்கும் ஒரு தோட்டத்துக்கும் ஒரு வரி என எழுதுதல் வேண்டும். தொடர்பு அறுந்தால் அவ்வரி மட்டுமே முடிவுறும். ஆளின் பதிவு அழியாது. பிறர் கடனும் அவரைச் சாராது. பதிவேட்டுப் பிழை ஏட்டோடு நில்லாது மனிதரின் காலையும் கட்டும் என்பதைத் தோட்ட வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.