தளம் மாறும் கிராபிக்ஸ் கார்டுகள்

ஒரு வகைக் கணினிக்கென விற்கப்பட்ட கிராபிக்ஸ் கார்டை வேறு வகைக் கணினியில் போட்டு ஓட்டும் வழக்கம் 1990களின் பிற்பாதியில் தொடங்கியது. விண்டோஸ் பிசிக்கு வந்த கார்டை ஆப்பிள் மேக்கில் போடுவதுதான் இதில் மூத்தது, அதிகம் பேசப்பட்டதும் அதுதான். சர்வர் கார்டை வீட்டுக் கணினியிலும், லேப்டாப் கார்டை ஐமேக்கிலும் போடுவதெல்லாம் பின்னால் சேர்ந்தவை. காரணம் பெரும்பாலும் காசு. மேக்குக்கென்று வந்த கார்டுகள் எண்ணிக்கையில் குறைவு, விலையில் அதிகம், தலைமுறையில் பின்தங்கியவை. அதே சிப் உள்ள பிசி கார்டு சென்னை ரிச்சி தெருவில் செகண்ட்ஹேண்ட் விலைக்கே கிடைத்தது.

சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரித் தொழிலில் இருப்பவர்களுக்கு இதன் சிக்கல் சட்டென்று பிடிபடும். வேறு மாடல் இன்ஜினை சேஸிஸில் இறக்கி போல்ட் போட்டு உட்கார வைத்துவிடலாம். ஆனால் வண்டியின் இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினியான ஈசிஎம் அதை ஏற்காவிட்டால் ஸ்டார்ட் ஆகாது. கார்டும் ஸ்லாட்டில் அழகாக உட்காரும். அதன் பிறகுதான் வேலையே.

ஸ்லாட்டும் ரோமும்

1995க்கு முன் ஸ்லாட்டே வேறு. மேக்கில் நூபஸ், பிசியில் ஐஎஸ்ஏ. ஒன்றின் கார்டு மற்றதில் நுழையவே நுழையாது. இன்டெல் 1992இல் வெளியிட்ட பிசிஐ தரத்தை ஆப்பிள் 1995இல் பவர் மேக்கின்டாஷ் 9500இல் ஏற்றுக்கொண்டது. பிறகு 1999இல் பவர் மேக் ஜி4 வழியாக ஏஜிபி, 2005 இறுதியில் ஜி5 வழியாக பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று இரண்டு தளங்களும் ஒரே ஸ்லாட்டுக்கு வந்து சேர்ந்தன. கார்டில் இருக்கும் ஏடிஐ அல்லது என்விடியா சிப்பும் ஒன்றுதான், நினைவகமும் ஒன்றுதான்.

வேறுபட்டது கார்டின் ஓரத்தில் இருக்கும் எட்டுக் கால் ரோம் சிப். கணினி உயிர்பெற்ற முதல் சில நொடிகளில் இயங்குதளம் இன்னும் வந்திருக்காது, டிரைவரும் இருக்காது. அந்த இடைவெளியில் கார்டை எழுப்பித் திரையில் எழுத்துக் காட்ட வைப்பது இந்த ரோமில் உள்ள சிறு நிரல். பிசி கார்டில் அது எக்ஸ்86 ப்ராசசருக்கான இயந்திர மொழியில் எழுதப்பட்டிருக்கும். அன்றைய மேக்கில் இருந்த பவர்பிசி ப்ராசசருக்கு அதில் ஓர் எழுத்தும் புரியாது. மேக் எதிர்பார்த்தது எஃப்கோடு. இது போர்த் மொழியிலிருந்து பிறந்தது; ஓப்பன் பர்ம்வேர் எனப்படும் ஐஇஇஇ 1275 தரத்தின் பகுதியாக 1994இல் பதிவானது; எந்த ப்ராசசரையும் சாராதது. சன் நிறுவனத்தின் ஸ்பார்க் கணினிகளும் இதையே கேட்டன. சன்னின் எக்ஸ்விஆர்-100 என்ற கார்டு உண்மையில் ஏடிஐ ரேடியான் 7000தான்.

பிசிஐ தரத்தை வகுத்தவர்கள் இதை முன்பே யோசித்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே ரோமுக்குள் பல நிரல்களை அடுக்கலாம். கணினியை எழுப்பும் பர்ம்வேரைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பிசியின் எக்ஸ்86 பயாஸுக்கு 0, ஓப்பன் பர்ம்வேருக்கு 1, பின்னாளில் பயாஸுக்கு மாற்றாக வந்த இஎஃப்ஐக்கு 3. பிசி, மேக் நிரல்கள் இரண்டையும் வைத்து ஒரே கார்டாக விற்க எந்தத் தடையும் இருக்கவில்லை. ஆனால் கார்டு நிறுவனங்கள் சில ரூபாய் பெறுமான பெரிய ரோம் சிப்பை மிச்சம் பிடித்தன, அதோடு மேக் பதிப்புக்குத் தனி விலையும் வைக்க முடிந்தது.

டெக் நிறுவனம் தன் ஆல்ஃபா கணினிகளுக்கு வேறு வழி கண்டது. கணினியின் பர்ம்வேருக்குள்ளேயே ஒரு குட்டி எக்ஸ்86 எமுலேட்டரை வைத்து, பிசி கார்டின் பயாஸை அதில் ஓட்டியது. சாதாரண விஜிஏ கார்டே போதும் என்றானது. அமிகாஒன் கணினிகளும் பிறகு இதே வழியில் சென்றன. பயனரை அலையவிடாத தீர்வு இது. ஆப்பிள் இந்தப் பக்கம் வரவே இல்லை.

பவர்பிசி மேக்கில் மாற்றி எழுதியது

மேக் பதிப்பின் ரோம் கோப்பை எடுத்து பிசி கார்டில் எழுதிவிடுவது என்ற பழக்கம் இப்படித்தான் வந்தது. இதை பிளாஷ் செய்வது என்பார்கள். 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் 1999 வாக்கில் பிசி வூடூ3 கார்டுகளுக்கு மேக் ரோமையும் டிரைவரையும் தானே வெளியிட்டது. மற்ற நிறுவனங்களின் கார்டுகளில் பயனர்களே கை வைத்தார்கள்.

இதில் வந்த பெரிய இடைஞ்சல் அளவு. பிசி கார்டுகளில் பெரும்பாலும் 64 கேபி ரோம் சிப். மேக் ரோம் கோப்போ 128 கேபி. கோப்பைச் செதுக்கி 64 கேபிக்குள் அடக்கினார்கள். முடியாதபோது பழைய சிப்பைப் பெயர்த்துப் பெரிய சிப்பை சால்டர் செய்தார்கள். பவர் மேக் ஜி4இல் 8எக்ஸ் ஏஜிபி கார்டைப் போட்டால் இன்னொரு தொல்லை. ஏஜிபி விளிம்பில் 3, 11 எண் பின்களை அந்த மேக் வேறு வேலைக்குப் பயன்படுத்தியது. கார்டு உயிர்பெற அந்த இரண்டு பின்களின் மேலும் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு டேப் ஒட்ட வேண்டும். பக்கத்துப் பின்னில் டேப் ஏறினாலோ, ஸ்லாட்டில் நுழைக்கும்போது சுருண்டாலோ மறுபடி முதலிலிருந்து. பொறுமை இழந்தவர்கள் பின்னுக்குப் போகும் தடத்தைக் கத்தியால் அறுத்தார்கள்.

இன்டெல் மேக்

2006இல் மேக் புரோ இன்டெல் ப்ராசசரோடு வந்தபோது இனிக் கவலையில்லை என்று பலரும் நினைத்தார்கள். ப்ராசசர் ஒன்றாகிவிட்டது, பர்ம்வேர் ஆகவில்லை. பிசிகள் பயாஸிலேயே இருக்க, ஆப்பிள் இஎஃப்ஐக்குப் போயிருந்தது. அதிலும் 2006 மாடலில் 32 பிட், 2008 மாடலில் 64 பிட். 2008 மாடலுக்கு ஆப்பிளே விற்ற ஜிஃபோர்ஸ் 8800 ஜிடி 2006 மாடலில் ஓடவில்லை; அதற்கென்று வேறொரு 8800 ஜிடியைப் பிறகு விற்றார்கள். ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே சிப், இரண்டு கார்டுகள்.

ஆனால் இங்கே ஒரு வசதி உண்டு. மேக் ஓஎஸ்ஸிலோ என்விடியாவின் இணையதளத்திலோ டிரைவர் இருந்துவிட்டால், பிளாஷ் செய்யாத பிசி கார்டும் பாதி வழி வந்து சேரும். பவர் பட்டனை அழுத்தினால் மணியோசை கேட்கும். திரை கறுப்பாகவே இருக்கும். ஆப்பிள் சின்னமோ, எந்த டிஸ்கிலிருந்து தொடங்குவது என்ற பட்டியலோ வராது. டிரைவர் ஏறியதும் லாகின் திரை திடீரென்று வந்து நிற்கும். அன்றாட வேலைக்கு இது போதும். டிஸ்க் பழுதானாலோ ஓஎஸ்ஸைப் புதிதாகப் போட வேண்டியிருந்தாலோ பழைய ஆப்பிள் கார்டைத் தேடி எடுக்க வேண்டும். பழைய கார்டை விற்றுவிடாதே என்பது இந்த வட்டாரத்தின் முதல் பாடம்.

2013இல் ஈவிஜிஏ ஜிடிஎக்ஸ் 680, சஃபையர் ரேடியான் எச்டி 7950 ஆகியவற்றின் மேக் பதிப்புகள் வந்தன. அவற்றின் ரோமை அதே வடிவமைப்பிலான பிசி கார்டில் எழுதினால் கறுப்புத் திரை மறைந்தது. மேக் புரோவில் கார்டுக்கான துணை மின் இணைப்புகள் இரண்டே. ஒவ்வொன்றும் 75 வாட். ஆகவே எந்தக் கார்டையும் போடலாம் என்பதில்லை.

2018இல் நிலைமை மாறியது. மேக் ஓஎஸ் மொஹாவி வெளிவந்தபோது என்விடியாவின் புதிய டிரைவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த டிரைவர்களை நம்பி வாங்கி வைத்த கார்டுகள் முந்தைய பதிப்பான ஹை சியராவோடு நின்றன. மொஹாவிக்குத் தன் கிராபிக்ஸ் இடைமுகமான மெட்டலுக்கு ஆதரவுள்ள கார்டு வேண்டும் என்று சொன்ன ஆப்பிள், பழைய மேக் புரோக்களுக்குப் பரிந்துரைத்த பட்டியலில் சஃபையர் பல்ஸ் ஆர்எக்ஸ் 580 போன்ற சாதாரண பிசி கார்டுகளையே சேர்த்தது. பல காலம் திருட்டுத்தனமாகச் செய்த வேலைக்கு அனுமதி கிடைத்தது போலத்தான். நிபந்தனை ஒன்று: ஃபைல்வால்ட் குறியாக்கத்தை அணைத்து வைக்க வேண்டும், ஏனென்றால் கடவுச்சொல் கேட்கும் திரையே தெரியாது. பின்னர் ஓப்பன்கோர் என்ற திறமூல பூட்லோடர் அந்தத் திரையையும் மீட்டுத் தந்தது.

ஆப்பிள் தன் சொந்தச் சிப்புக்கு மாறியதும் இந்தக் கதை அநேகமாக முடிந்தது. எம்2 அல்ட்ரா சிப்புடன் வந்த 2023 மேக் புரோவில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுகள் உண்டு. கிராபிக்ஸ் கார்டுக்கு ஆதரவு இல்லை. முன்பு ரோம் தடுத்தது, அதை மாற்றி எழுத வழியிருந்தது. இப்போது தடுப்பது டிரைவர் இல்லாமை. அதை எட்டுக் கால் சிப்பில் எழுத முடியாது.

எழுதும்போது

ரோமை எழுத என்விஃப்ளாஷ், ஏடிஐஃப்ளாஷ் போன்ற மென்பொருள்கள் உண்டு. பழைய ரோமைப் பிரதி எடுக்காமல் தொடங்குவது மடத்தனம். எழுதும் நடுவில் கரண்ட் போனால் கார்டு செத்ததுபோல் கிடக்கும். யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடக்கூடாது. செத்த கார்டையும் பெரும்பாலும் எழுப்பலாம்: லேப்டாப் சர்வீஸ் கடைகளில் பயாஸ் எழுத வைத்திருக்கும் சிஎச்341ஏ புரோகிராமரின் கிளிப்பை ரோம் சிப்பில் நேராகக் கவ்வவைத்து எழுதலாம். சிப்பின் மூலையில் உள்ள புள்ளி முதல் காலைக் காட்டும். கிளிப்பின் சிவப்பு ஒயர் அந்தப் பக்கம் வர வேண்டும். புதிய கார்டுகளில் சில சிப்புகள் 1.8 வோல்ட், அடாப்டர் இல்லாமல் மாட்டினால் சிப் போய்விடும். 2016 முதல் வந்த தலைமுறைகளில் என்விடியாவும், அடுத்து ஏஎம்டியும் ரோமுக்கு மின்கையொப்பம் வைத்துவிட்டதால், மாற்றி எழுதிய ரோமைக் கார்டே நிராகரித்துவிடும்.

சர்வர் கார்டுகள்

இன்று அதிகம் நடப்பது வேறு திசையில். டேட்டா சென்டர்களிலிருந்து கழித்துவிட்ட என்விடியா டெஸ்லா பி40 போன்ற கார்டுகளை, ஏஐ மாதிரிகளை வீட்டிலேயே ஓட்ட விரும்புபவர்கள் வாங்குகிறார்கள். 2016இல் வந்த இதில் 24 ஜிபி நினைவகம். மானிட்டர் மாட்ட இடமே கிடையாது. ப்ராசசரில் உள்ள கிராபிக்ஸ் வழியாகப் படம் பார்க்க வேண்டும். மதர்போர்டு பயாஸில் 4 ஜிபிக்கு மேல் முகவரி தரும் வசதி இல்லாவிட்டால் கார்டு இயங்காது.

கார்டின் உயிருக்கே ஆபத்தான இடம் மின்சார இணைப்பு. பி40இன் எட்டுப் பின் சாக்கெட் சாதாரண கிராபிக்ஸ் கார்டினுடையது அல்ல; மதர்போர்டில் ப்ராசசருக்குத் தரும் வகை. பார்வைக்கு இரண்டும் ஒன்று. உள்ளே 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். தவறான ஒயரைத் திணித்தால் கார்டு போகும், எஸ்எம்பிஎஸ்ஸும் கூடவே போகலாம். அடுத்தது சூடு. 250 வாட் கார்டில் மின்விசிறி இல்லை. சர்வர் கூண்டில் வீசும் பலத்த காற்றை நம்பிச் செய்தது. பின்பக்கம் ஒரு புளோயரைப் பொருத்திக் காற்றை உள்ளே தள்ளாமல், சேலம், நாமக்கல் சமவெளியின் சித்திரை வெயிலில் ஏசியற்ற அறையில் இதை ஓட்ட நினைப்பது வீண்.

ரோமை மாற்றும் இதே கைவேலை ஏமாற்றுக்கும் பயன்பட்டது. ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற பழைய கார்டுகளின் ரோமை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டி விற்றார்கள். விண்டோஸும் அந்தப் பொய்ப் பெயரையே காட்டியது. 2018இல் ஜிபியு-இசட் மென்பொருள் இத்தகைய கார்டுகளைக் கண்டுபிடித்துப் பெயருக்கு முன் போலி என்று குறிக்கத் தொடங்கியது. பழைய கார்டு வாங்குபவர்கள் காசு கொடுக்குமுன் கடையிலேயே அதை ஓட்டிப் பார்த்துவிடுவது வழக்கமாயிற்று.